அப்பாவுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. விசைப்படகில் கடலுக்குப் போகிறார். ஆறு மாதமாக வலை இழுக்கும்போதும் வேகமாக நடக்கும்போதும் நெஞ்சு இறுகுகிறது. உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. மதுரையில் ஆஞ்சியோகிராம் எடுத்தோம். இரண்டு ரத்தக்குழாய்களில் 70, 80 சதவீத அடைப்பு. இடது முதன்மைக் குழாயில் அடைப்பு இல்லை, இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்று எழுதியிருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை. அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு கம்பிவலைக் குழாயை வைக்கச் சொல்கிறார்கள். சவூதியில் இருக்கும் அண்ணன் உடனே வைத்துவிடச் சொல்கிறார். பயந்துவிடுவார் என்று அப்பாவிடம் அடைப்பு பற்றிச் சொல்லவில்லை. வாயுத் தொந்தரவு என்றே சொல்லி மாத்திரை கொடுக்கிறோம். "வாயுவுக்கு எதற்கு ஆபரேஷன்?" என்று மறுக்கிறார். அம்மா அழுதபடி இருக்கிறார். சம்மதப் படிவத்தில் நாங்களே கையெழுத்துப் போட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போடக் கூடாது. அப்பா தெளிவான நினைவோடு இருக்கிறார். அவர் உடலில் செய்யும் சிகிச்சைக்கு அவர்தான் சம்மதம் தர வேண்டும். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயாரின் சம்மதத்தை வாங்கிக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். உடனடி உயிர் ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த ஒருவருக்காகத் தாயார் தந்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, அதில் என்ன ஆபத்து, வேறு என்ன வழி இருக்கிறது என்பதை நோயாளியிடம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அப்பா எதை வேண்டாம் என்கிறார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? வாயுத் தொந்தரவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். அது நியாயமான பதில். இதய நோய்க்கு ஸ்டென்ட் வேண்டுமா என்று அவரை இதுவரை யாரும் கேட்கவே இல்லை. அவர் பிடிவாதக்காரர் என்று அண்ணன் நினைக்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இப்போது மருத்துவத்துக்கு வருகிறேன். "வைக்காவிட்டால் எந்த நேரமும் மாரடைப்பு வந்துவிடும்" என்ற பயம்தான் உங்கள் வீட்டை ஆட்டிப்படைக்கிறது. இப்படி நினைப்பவர்கள் ஏராளம். 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சம்மதம் தந்த நோயாளிகளில் 88 சதவீதம் பேர் ஸ்டென்ட் சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்று நம்பியிருந்தார்கள். உழைக்கும்போது மட்டும் வந்து ஓய்வில் அடங்கும் வலிக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது.

2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு நல்ல மருந்துகளுடன் தொடக்கத்திலேயே ஆஞ்சியோகிராம் செய்து, தேவைப்படி ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறு பாதிக்கு முதலில் மருந்துகள் மட்டும். வலி கட்டுக்குள் வராவிட்டால்தான் மற்றவை. ஆய்வுக் காலத்தில் முதல் பிரிவில் இறந்தவர்கள் 145 பேர், இரண்டாவதில் 144 பேர். மாரடைப்பு, இதய மரணம், இதயக் கோளாறால் மருத்துவமனையில் சேருவது போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஐந்தாண்டுகளில் நூறு பேருக்கு முதல் பிரிவில் 16, இரண்டாவதில் 18. இந்த வித்தியாசத்தை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது.

வலியில்தான் வித்தியாசம் பெரிது. அடிக்கடி, அதாவது வாரந்தோறும் அல்லது தினமும் நெஞ்சுவலி வந்தவர்களில், ஓராண்டுக்குப் பின் வலியே இல்லாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 50 பேர், மருந்துப் பிரிவில் 20 பேர். அபூர்வமாக வலி வந்தவர்களுக்கு இந்தப் பலன் குறைவு.

ஸ்டென்ட் வலியைக் குறைத்தும் மாரடைப்பைத் தடுக்காததற்குக் காரணம் இதுதான். மாரடைப்பு பெரும்பாலும் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு வெடித்து, அங்கே ரத்தம் உறைவதால் வருகிறது. வெடிக்கும் இடம் படத்தில் 80 சதவீதம் என்று தெரியும் இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நைந்த வலையில் ஒரு கிழிசலை மட்டும் தைப்பது போன்றது ஸ்டென்ட். முழு வலைக்குமான வேலையைச் செய்வது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, பீடியை விடுவது ஆகியவைதான். ஸ்டென்ட் வைத்தாலும் இவற்றை விட முடியாது.

ஆகவே ஸ்டென்ட் வைக்கச் சொன்ன மருத்துவர் தவறாகச் சொல்லிவிடவில்லை. வலை இழுத்தாலே இறுகுகிறது என்றால், ஸ்டென்டால் நல்ல பலன் பெறக்கூடியவர்களில் அப்பாவும் ஒருவர். ஆனால் அது வலிக்காகவும் தொழிலுக்காகவும். உயிரைக் கூட்டித் தருவதற்காக அல்ல. காரணம் இது என்றால், இந்த வலி எவ்வளவு தொல்லை, கடலுக்குப் போவது எவ்வளவு முக்கியம் என்பதை அவரைத் தவிர யாரால் சொல்ல முடியும்?

அவர் முன்னால் வைக்க வேண்டிய விஷயங்கள் சில. ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை, பொதுவாக ஆறு மாதமாவது, ஒரு நாளும் தவறாமல் சாப்பிட வேண்டும். கடலுக்குப் போன நாளில் மறந்தேன் என்று விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். அது உயிருக்கே ஆபத்து. அதே மாத்திரைகளால், மீன் முள் கிழித்தாலோ கத்தி பட்டாலோ ரத்தம் நிற்க நேரமாகும். மருந்து மட்டும் என்றால், இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை முதலியவற்றைச் சேர்த்து அளவைப் படிப்படியாகச் சரிசெய்ய வேண்டும்; வலி அடங்காவிட்டால் பிறகு ஸ்டென்ட் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆய்வின் மருந்துப் பிரிவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நான்கு ஆண்டுகளுக்குள் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டார். எந்த வழியானாலும் நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நின்றுகொண்டு வைக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். ஆடும் படகில் விளிம்போரம் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மீன்பிடித் தடைக்காலம் பற்றியும் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். இந்த இரண்டு மாதத்தில் வலி குறைந்தால் மாத்திரை வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவீர்கள். உழைப்பு குறைந்ததால் வலி குறைந்திருக்கலாம். எந்த வேலையில், எத்தனை தூர நடையில் வலி வருகிறது என்று அம்மா ஒரு நோட்டில் குறித்து வரட்டும். அந்த நோட்டு மருத்துவருக்கு மிகவும் உதவும்.

எப்படிச் சொல்வது? நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம். மருத்துவரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு, அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து உட்கார வையுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அப்பாவை முதலில் கேட்கச் சொல்லுங்கள். "முடிவை மகளிடமே விடுகிறேன்" என்று அவரே சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவு; மதிக்கலாம். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். பயந்துவிடுவார் என்ற கவலை புரிகிறது. இரவில், காற்றடிக்கும் கடலில் தொழில் செய்து உங்களை வளர்த்தவர் அவர். பெயர் தெரியாத வலியைவிடப் பெயர் தெரிந்த நோயை அவரால் தாங்க முடியும் என்று நான் நம்புகிறேன். சிகிச்சை வழிகளை எளிய படங்கள், எண்களுடன் நோயாளிக்கு விளக்குவது பற்றி 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பும், அப்படி விளக்கப்பட்டவர்களுக்கு விவரமும் தெளிவும் கூடுகிறது, முடிவில் அவர்கள் பங்கும் கூடுகிறது என்றே சொல்கிறது.

இவ்வளவும் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கும் வலிக்குத்தான். ஓய்விலும் வலி வந்தால், வழக்கத்தைவிடக் குறைந்த உழைப்பிலேயே வரத் தொடங்கினால், 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால், ஆலோசனைக்கு நேரமில்லை, உடனே 108. மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் உயிரைக் காக்கும் சிகிச்சை. மதுரை மூன்று, நான்கு மணி நேரப் பயணம் என்பதால் நேராக அங்கே கிளம்பாதீர்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு, இடது முதன்மைக் குழாயில் அடைப்பு, இதயத்தின் சுருங்கும் திறன் குறைவு ஆகியவை இருந்தால் கணக்கே வேறு, பைபாஸ் சிறந்ததாக இருக்கலாம்.

இன்னொரு இதய மருத்துவரின் கருத்தையும் கேட்க விரும்பினால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆஞ்சியோகிராம் சிடியையும் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவு விவரத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பணக் கவலையால்கூட அப்பா மறுத்துக்கொண்டிருக்கலாம். அண்ணனுக்கு, அப்பா சம்மதித்தால், மருத்துவர் பேசும் நேரத்தில் போன் போட்டுக் கொடுங்கள். தூரத்தில் இருப்பவருக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேர்கிறது. அவருடைய அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம். அவர் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும், அப்பாவின் முன்னிலையில்.