கொரோனா நேரத்தில் அம்மா கணக்கில் விழுந்த 500 ரூபாய் உலக வங்கி கொடுத்ததா?

ஏற்காட்டு டீக்கடையில் யாரோ அப்படிச் சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை, ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500 வீதம் போட்டது மத்திய அரசு. அதே ஆண்டு மே மாதம், இந்தியாவின் சமூகப் பாதுகாப்புக்கென 100 கோடி டாலரை உலக வங்கி அறிவித்தது. முதலில் 75 கோடி, பிறகு 25 கோடி என்பது அப்போதைய திட்டம்.

ஆனால் அது தானமில்லை, கடன். அசலும் வட்டியும் நம் வரிப்பணத்தில்தான் திரும்பப் போகும். அந்தப் பணம் அரசு கஜானாவில் மற்ற வருமானத்தோடு கலந்துவிடும். ஏரியில் கலந்த மழைத்தண்ணீர் மாதிரி. உங்கள் அம்மாவின் 500-இல் எது வெளிநாட்டுப் பணம் என்று பிரிக்கவே முடியாது.

பிறகு எதற்குக் கடன்? ஊரடங்கில் வரி வசூல் படுத்துவிட்டது, செலவோ ஏறியது. அந்த இடைவெளிக்குத்தான்.

என்னைக் கேட்டால், பணம் யாருடையது என்பதைவிடக் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் பெரிய கேள்வி. பஸ் ஓடாத நாட்களில் மலைக்கிராமத்திலிருந்து வங்கிக்கு இறங்கி ஏறியவர்களுக்கு 500 ரூபாய் சும்மா வரவில்லை. கணக்கே இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை.