பழைய அவுட்போர்டு வாங்கியவருக்கு

கேள்வி: படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று பழையதாக வாங்கியிருக்கிறேன் அண்ணே. கடலில் இறக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் கியர் ஆயில், தம்பி. கியர் பெட்டியின் அடி ஸ்குரூவைத் திறந்து கிண்ணத்தில் பிடியுங்கள். பால் கலந்த டீ மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. சீல் மாற்றாமல் கடலுக்குப் போகவே கூடாது. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்றுங்கள், மேல் துளையில் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும்.

இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பின் சக்கரம்), ப்ளக், ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிடுங்கள். எஞ்சினில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். எஞ்சினுக்குப் பதிலாக அரிபடத்தான் அது இருக்கிறது.

கரை வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓட்டுங்கள். நம் பக்கம் குடிதண்ணீருக்கே அலைகிறோம், சரிதான். ஆனாலும் உப்பை உள்ளே காயவிடாதீர்கள். அப்புறம், ஓடும்போது எஞ்சினைக் குளிர்வித்துப் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்துங்கள்.