மூலிகை கேள்வி – பதில்: காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு மஞ்சள் காமாலை. "கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடு, டாக்டரே வேண்டாம்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அதில் நிஜமாகவே மருந்துச் சத்து இருக்கிறதா, மேடம்?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: இருக்கிறதம்மா. மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்தபோது, ராசப்ப செட்டி தெருக் கடைகளிலிருந்து காய்ந்த கீழாநெல்லி கட்டுக்கட்டாக வரும். இலையைப் பொடித்து மெத்தனாலில் ஊறவைத்து, சிலிக்கா பூசிய தகட்டில் ஒரு சொட்டு வைத்து ஓடவிட்டால் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் இரண்டும் தெரியும். லிக்னான் வகைச் சேர்மங்கள். இலையில்தான் இவை அதிகம், தண்டில் பெயருக்குத்தான். கடைக் கட்டிலோ பாதிக்கு மேல் வெறும் குச்சி. அதற்கும் சேர்த்துத்தான் எடை போட்டுக் காசு வாங்குவார்கள்!

நஞ்சு கொடுத்த எலிக் கல்லீரல் செல்களை இந்த இரண்டும் ஓரளவு காப்பாற்றியதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இவை தண்ணீரில் சரியாகக் கரையாது. கஷாயம் வைத்து வடிகட்டினால் ஜெரானின் போன்ற டானின்கள் (துவர்ப்புச் சத்துகள்) இறங்கும், லிக்னானில் பெரும்பகுதி சக்கையோடு குப்பைக்குப் போய்விடும். அரைத்து அப்படியே விழுங்கச் சொன்ன பாட்டிமார் கைப்பக்குவம் அந்த வகையில் சரிதான்.

சரி, நோய் குணமாகுமா? 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு இதை மனிதர்களிடமே சோதித்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. ஹெபடைட்டிஸ் பி (ஒரு வகைக் கல்லீரல் அழற்சி) வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க்கும் அந்தக் குழுவில் உண்டு. 200 மில்லிகிராம் பொடி, தினம் 3 வேளை, 30 நாள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே நம் வேலியோரச் செடியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்தில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அதோடு, அந்தச் சோதனை பி வைரஸை நாள்பட்டுச் சுமப்பவர்கள் மீது நடந்தது. உங்கள் பையனுக்கு வந்திருப்பது என்ன? குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வரும் ஏ, ஈ வகை ஹெபடைட்டிஸ் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் உடம்பே சரிசெய்துகொள்ளும். நல்ல பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகும். பித்தக்குழாய் அடைப்பாலும் கண் மஞ்சளாகும், அதற்கு எந்த இலையை அரைத்தும் பயனில்லை. எனவே முதலில் டாக்டரிடம் காட்டி, கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் ஹெபடைட்டிஸ் பரிசோதனையும் எடுங்கள். மூலிகை கொடுப்பதானால் அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பையன் மயங்கி மயங்கித் தூங்கினாலோ பேச்சு உளறினாலோ, அக்கம்பக்கம் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருக் காலி மனையில் முளைத்திருப்பது கீழாநெல்லிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: இலைக்காம்பைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வரிசையாகக் கடுகளவு நெல்லிக்காய்கள் தொங்க வேண்டும். தண்டைக் கிள்ளினால் பால் வந்தால் அது அம்மான் பச்சரிசியாக இருக்கலாம், கீழாநெல்லி இல்லை. தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரவென்றிருந்தால் அது இதன் ஒன்றுவிட்ட தங்கை, சிவப்புக் கீழாநெல்லி. அப்புறம், மழைத் தண்ணீரும் சாக்கடையும் தேங்கும் மனையில் பறிக்காதீர்கள். ஒரு கைப்பிடியைப் பிடுங்கி வந்து தொட்டியில் நட்டால் விதை விழுந்து தானாகவே பரவும்.