அல்சைமர் வந்த அம்மாவை இல்லத்தில் விடுவது பாவமா?

ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்துதான் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள். "பெத்தவளைக் கொண்டுபோய் விடப்போறியா" என்று வீட்டில் யாரோ கேட்டும் இருப்பார்கள். என்னையும் கேட்டார்கள். பாவம் இல்லை என்பதுதான் என் பதில். இடத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டால்தான் பாவம், அதை நான் செய்திருக்கிறேன்.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட். அம்மா 38 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மறதி வந்தபோது வயசாகிறது என்று இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டோம். அப்புறம் ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, தரை துடைக்கிற வாளியோடு கேட்டில் நிற்கிறார். "பிரட்டுக்கு நேரமாச்சு, கிராணி பேர் போடமாட்டாரு." பிரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிடுவது, கிராணி அந்தப் பேரை எழுதுகிற கணக்குப்பிள்ளை. ஈப்போவில் டாக்டர் டொனெபெசில் எழுதிக் கொடுத்தார். நோயைக் குணப்படுத்தாது, கொஞ்ச காலத்துக்கு இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரு தடவை காணாமலே போய்விட்டார். மத்தியானம் பழைய தோட்டத்தில் கண்டுபிடித்தோம். லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் இப்போது செம்பனை மரங்கள். அதற்கு நடுவில் தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். தோட்டத்தை விற்றபோது கையில் கொஞ்சம் காசைக் கொடுத்துக் காலி செய்யச் சொன்னார்கள், 38 வருஷத்துக்கு ஒரு அறைகூடக் கிடையாது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் நினைத்தால் வயிறு எரிகிறது.

"ஏன் நீயே வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது" என்று எழுத வருகிறவர்களுக்கு: எனக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து தீபாவளிக்கு வருவார், அறிவுரை சொல்வார், போய்விடுவார். அரசாங்க ரூமா ஸ்ரீ கெனாங்கானில் கேட்டுப் பார் என்றவரும் அவர்தான். அது ஆதரவில்லாத, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய முதியவர்களுக்கான இடம், அம்மா மாதிரி ஆட்களுக்கு இல்லை. அதில் ஒன்று தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறது. மனநல ஆஸ்பத்திரியும் அந்த ஊரில்தான், அதனால் பேரைக் கேட்டதுமே பக்கத்து வீட்டு அக்கா, "ஐயோ, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலில் சேர்த்த தனியார் இல்லத்தில் வேலைக்கு இருந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள், ஆனால் மலாய் மட்டும்தான் பேசுவார்கள். பின்னால் கற்ற பாஷை முதலில் போய்விடும் என்பது பலருக்கு நடக்கிறது. அம்மாவுக்கு மலாய் சுத்தமாகப் போயிருந்தது. விடியற்காலையில் எழுந்து வாளி தேடுகிறவரை அவர்கள் என்னதான் செய்வார்கள், சாரோங்கால் நாற்காலியோடு கட்டிவிட்டார்கள். மணிக்கட்டில் சிவப்புத் தடத்தைப் பார்த்த அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால் நீங்கள் பார்க்கப் போகும்போது முன்வாசலில் இருக்கும் பூந்தொட்டியைப் பார்க்காதீர்கள். 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிந்திருக்கிறார்களா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், தமிழ் பேச ஒருவராவது உண்டா, எழுந்து நடப்பவர்களை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் சாயங்காலம் போங்கள். பொழுது சாயும்போதுதான் பலருக்குக் குழப்பம் கூடும், இல்லத்தின் லட்சணமும் அப்போது தெரிந்துவிடும்.

இப்போதைய இடம் மாசம் 2,600 ரிங்கிட், பேம்பர்ஸ் தனி. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட் இருக்கிற நாட்டில் இது எல்லாராலும் முடியாது, தெரியும். எங்களுக்கும் அம்மாவின் ஊழியர் சேமநிதிப் பணம் கரைந்துகொண்டுதான் இருக்கிறது.

அங்கே ராத்திரி வேலைக்கு ஒரு தமிழ் அக்கா இருக்கிறார், அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா எழுந்து வந்தால் மறிப்பதில்லை. ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "மழை பெய்யுது ஆயா, இன்னிக்குப் பிரட்டு இல்ல" என்பார். அம்மா, "அப்ப சம்பளம் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்துவிடுவார்.