பெஹ்செட் நோயாளியின் இருமலில் இரத்தம் தெரிந்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகிலுள்ள செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் தம்பிக்கு வயது 27. வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் மாறி மாறி வந்ததால் பெஹ்செட் நோய் என்று கண்டறிந்தார்கள். சென்ற மாதம் காலில் இரத்தம் உறைந்ததற்கு, உறைவைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாட்களாகச் சளியில் இரத்தம் தெரிகிறது. காசநோயோ என்று அம்மா பயப்படுகிறார். அடுத்த மாதச் சந்திப்பு வரை பொறுக்கலாமா?"

பொறுக்க வேண்டாம், சகோதரி. இன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தம் மேலும் கூடினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 999 எண்ணை அழையுங்கள். அடுத்த வேளை மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவோ நிறுத்தவோ முடிவு செய்யாமல், அந்த வேளை வருவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1937இல் துருக்கிய தோல் மருத்துவர் ஹுலுசி பெஹ்செட் விவரித்த இந்த நோய், புண்களோடு நிற்பதில்லை. இரத்தக் குழாய்களின் சுவரையும் அழற்சியால் அரிக்கிறது. நுரையீரலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியின் சுவர் அப்படி வலுவிழந்தால், பழைய டயர் மெலிந்த இடத்தில் புடைப்பது போல அது புடைத்துக்கொள்கிறது. இதன் முதல் அடையாளம் பெரும்பாலும் இருமலில் வரும் இரத்தம்தான். இந்தப் புடைப்பு அரிதானது என்றாலும், இளம் ஆண்களிடம், அதிலும் காலில் இரத்தம் உறைந்தவர்களிடம், கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் தம்பிக்கு இரண்டும் பொருந்துவதே என் கவலை. வெடித்தால் உயிருக்கு ஆபத்து.

கால் உறைவு உடைந்து நுரையீரலுக்குப் போயிருக்கும் என்று எண்ணி உறைவுத் தடுப்பு மருந்தைக் கூட்டும் தவறு இங்கே நேரலாம். ஆனால் பெஹ்செட் நோயில் உறைவு அழற்சியுற்ற சுவரோடு இறுக ஒட்டிக்கொள்வதால் எளிதில் பெயர்வதில்லை. நுரையீரலில் காணப்படும் உறைவு பெரும்பாலும் அங்கேயே உருவானது. புடைப்பு இருக்கும் நிலையில் உறைவுத் தடுப்பு மருந்து பெருத்த இரத்தக் கசிவுக்கு வழிவகுக்கும். ஆகவே நோயின் பெயரை முதலிலேயே சொல்லி, மருந்துச் சீட்டுகளையும் காட்டி, சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். சாதாரண எக்ஸ்ரே சரியாக இருந்தால் மட்டும் புடைப்பு இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

புடைப்பு உறுதியானால், முதன்மைச் சிகிச்சை அழற்சியை அடக்குவதே: அதிக அளவு ஸ்டீராய்டும், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தும். பின்னது குழந்தைப் பேற்றைப் பாதிக்கக்கூடும் என்பதால், நிலைமை அவகாசம் தந்தால் விந்துவைச் சேமிப்பது பற்றித் தம்பி கூச்சமின்றிக் கேட்க வேண்டும். இரத்தம் நின்றதும் ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தக் கூடாது.

அம்மாவின் பயமும் வீணல்ல. காசநோயும் சளியில் இரத்தத்தை வரவழைக்கும். மேலும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் உடலில் உறங்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், சளிப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அதன் முடிவு வரும்வரை ஸ்கேனைத் தள்ளிப்போட அனுமதிக்காதீர்கள்.