பழைய ரெக்கார்டு வாங்கறீங்களா, கவரைப் பாத்து ஏமாறாதீங்க

கேள்வி: ஆன்லைன்ல ஒரு பழைய எல்பி ரெக்கார்டு வாங்கினேன். விக்கிறவர் 'வெரி குட்'னு போட்டிருந்தார். கவர் புதுசு மாதிரி இருக்கு, ஆனா போட்டா பாட்டு நடுவுல படபடன்னு சத்தம். ஏமாத்திட்டாரா, திருப்பி அனுப்பலாமா?

பதில்: ஏமாத்திட்டார்னு உடனே சொல்லிட முடியாதுங்க. ரெக்கார்டு எந்த நிலைமைல இருக்குன்னு சொல்ற கிரேடுல மேலேருந்து மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், இதெல்லாம் தாண்டி அப்பறம்தான் வெரி குட் வருது. அந்த கிரேடுல பாட்டு மெதுவா போற இடத்துல சத்தம் கேக்கத்தான் செய்யும். வெறும் 'குட்'னு போட்டிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. அதோட கவருக்குத் தனி கிரேடு, தட்டுக்குத் தனி கிரேடு, ஒண்ண மட்டும் போட்டிருந்தா எதுக்குன்னு கேளுங்க. ஊசி வச்சு கேட்டுப் பாத்து போட்டாரா இல்ல சும்மா கண்ணால பாத்து போட்டாராங்கறதையும் காசு கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுடணும், நிறைய பேர் கண்ணால பாத்துதான் போடறாங்க.

திருப்பி அனுப்பறதுக்கு முன்னாடி தட்ட நல்லா சுத்தம் பண்ணிட்டு திரும்ப போட்டுக் கேளுங்க. சத்தம் குறைஞ்சுதுன்னா அது வெறும் அழுக்கு, விஷயம் முடிஞ்சுது. குறையாம ஒரே சீரா டிக்... டிக்...னு வந்தா கடிகாரத்த பாருங்க. எல்பி ஓடற 33⅓ வேகத்துல, அதாவது நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, தட்டு ஒரு சுத்து சுத்த 1.8 செகண்ட் ஆகும், டிக்கும் அதே இடைவெளில வந்தா அது கீறல். ஒரே பக்கமா வெளிச்சம் விழற மாதிரி லைட்டுக்குக் கீழ தட்ட சாச்சுப் பிடிச்சா அந்தக் கோடு தெரியும், நகத்துல லேசா தடவினா தட்டுப்படுதுன்னா ஆழமான கீறல்னு அர்த்தம். குறுக்க போற கீறல்ல டிக் சத்தத்தோட போயிடும், ஊசி ஓடற பள்ளத்தோட போக்குலயே போற கீறல்தான் மோசம், ஊசி ஒரே வரில மாட்டிக்கிட்டு அதையே திரும்பத் திரும்ப பாடிக்கிட்டே இருக்கும்.

எல்லாத்தையும் விட மோசமானது கண்ணுக்கே தெரியாது. தட்டு பளபளன்னு இருக்கும், ஆனா பாடறவங்க குரல் ஏறற இடத்துலயும் 'ஸ' வர்ற இடத்துலயும் கரகரன்னு கிழியும். முன்னாடி யாரோ தேஞ்சுபோன ஊசிய வச்சு ஓட்டி பள்ளத்தையே அரைச்சுட்டாங்கன்னு பெரும்பாலும் அர்த்தம். வேற நல்ல தட்டு ஒண்ணப் போட்டுப் பாருங்க, அதுலயும் அப்படியே கேட்டா கோளாறு உங்க ஊசில. அது சுத்தமா இருந்தா வாங்கின தட்டத் திருப்பி அனுப்புங்க, எவ்வளவு கழுவினாலும் அது சரியாகாது.

கேள்வி: தாத்தாவோட பழைய 78 தட்டுங்க, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தறது, ஒரு பெட்டி நிறைய இருக்கு. 78 வேகம் இருக்கற பிளேயர் வாங்கினா போதுமா?

பதில்: வேகம் மட்டும் போதாது. 78 தட்டோட பள்ளம் எல்பிய விட ரொம்ப அகலம், எல்பி ஊசி நுனி சின்னது, அது பள்ளத்தோட அடில போய் அழுக்குல உரசிக்கிட்டு ஓடும், சத்தம் ஒரே இரைச்சலா இருக்கும். அதனால 78க்குன்னு தனியா விக்கிற ஊசிய மாத்திப் போட வழி இருக்கான்னு பாத்துட்டு பிளேயர் வாங்குங்க. இன்னொண்ணு, இதுல பெரும்பாலானது எல்பி மாதிரி வைனில் பிளாஸ்டிக் இல்ல, ஷெல்லாக், அதாவது அரக்கு கலந்து செஞ்சது. ஆல்கஹால் கலந்த கிளீனர் பட்டா மேல்பகுதி கரைஞ்சுடும், எல்பிக்கு வாங்கின பாட்டில எடுத்து இதுல ஊத்திடாதீங்க. கீழ விழுந்தா உடைஞ்சுடும், அத நான் சொல்லணுமா என்ன.

கேள்வி: புது ரெக்கார்டுல '180 கிராம்'னு ஸ்டிக்கர் ஒட்டி கூடுதல் விலை சொல்றாங்க. வாங்கலாமா?

பதில்: எடைக்கும் சத்தத்துக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. மாஸ்டரிங்கும் (பாட்ட ரெக்கார்டுக்குன்னு சரிபண்ணித் தயார் பண்றது) பிரெஸ்ஸிங்கும் (தட்ட அச்சுல அழுத்தி எடுக்கறது) நல்லா இருந்தா 140 கிராம்லயே அருமையா கேக்கும், அது சொதப்பினா 180 என்ன 200 கிராம் போட்டாலும் சொதப்பல்தான். கையில கனமா இருக்கறது பிடிச்சா வாங்குங்க, அவ்வளவுதான். புதுசுல நீங்க கவனிக்க வேண்டியது நடு ஓட்டை. அது மையத்துல இல்லன்னா தட்டு சுத்தும்போது ஊசி இருக்கற கை இடமும் வலமுமா ஆடும், நீளமா இழுக்கற சுருதி ஏறி ஏறி இறங்கும். அது தயாரிப்புக் கோளாறு, வித்தவர் உங்க பிளேயர் மேல பழிய போட்டு தப்பிக்க விடாதீங்க, அந்தக் கை ஆடறத வீடியோ எடுத்து அனுப்பிட்டு வேற தட்டு மாத்திக் கேளுங்க.