வாசகர் கேள்விகள்: பாடாத பாட்டு

கேள்வி: 'சானெட்' என்கிற பதினான்கு அடிக் கவிதைக்கு 'சின்ன ஒலி' என்றுதான் அர்த்தமாம். அப்படியானால் கவிஞர் தாந்தே காலத்து இத்தாலியில் கவிதைகளைப் பாடத்தான் செய்தார்களா?

பதில்: பெயரை நம்பி ஏமாறாதீர்கள். சானெட் பிறந்தது 13-ஆம் நூற்றாண்டில், சிசிலியை ஆண்ட இரண்டாம் ஃப்ரெடெரிக்கின் அவையில். அதை முதலில் எழுதியவராகச் சொல்லப்படும் ஜாக்கோமோ த லென்டினி ஒரு நோட்டரி, அதாவது பத்திரம் எழுதுகிற உத்தியோகஸ்தர். தெற்கு பிரான்சின் த்ரூபதூர் கவிஞர்கள் பாட்டும் கட்டுவார்கள், மெட்டும் போடுவார்கள். சிசிலிக்காரர்கள் அவர்களிடமிருந்து காதலையும் யாப்பையும் எடுத்துக்கொண்டு மெட்டை அங்கேயே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, ஏனென்றால் இவர்கள் கவிதைகள் கிடைத்திருக்கிற சுவடிகளில் இசைக்குறிப்பே இல்லை. யாருமே பாடவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பாடினால்தான் கவிதை என்ற கட்டாயம் போய்விட்டது, அவ்வளவுதான்.

தாந்தேயே இதைச் சொல்கிறார். 'கன்சோனே' என்றால் பாட்டு. ஆனால் வெறும் மெட்டை யாரும் அப்படிச் சொல்வதில்லை, சொற்கள் பாட ஆளில்லாமல் தாளில் கிடந்தாலும் அது கன்சோனேதான் என்று தாய்மொழிக் கவிதை பற்றிய தன் லத்தீன் நூலில் எழுதுகிறார்.

இப்படிக் கறாராகப் பேசிய மனிதர் தன் 'டிவைன் காமெடி' காவியத்தில், செத்தவர்களின் ஆவிகள் பாவம் கழுவ மலையேறும் பகுதியான 'புர்கத்தோரியோ'வின் 2-ஆம் காண்டத்தில் என்ன செய்கிறார் பாருங்கள். செத்துப்போன நண்பர் கசெல்லா, ஒரு பாடகர், படகில் வந்து இறங்குகிறார். தாந்தே மூன்று முறை கட்டிப்பிடிக்கப் போகிறார், மூன்று முறையும் கை தன் மார்பிலேயே வந்து விழுகிறது, எதிரில் இருப்பது ஆவியாயிற்றே. சரி, ஒரு பாட்டாவது பாடேன் என்கிறார். கசெல்லா எடுப்பது தாந்தே எழுதிய கன்சோனேயைத்தான்! தாந்தேக்கு வழிகாட்டியாக வரும் பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜில் உட்பட அத்தனை பேரும் வந்த வேலையை மறந்து நிற்க, அந்த மலைக்குக் காவலரான கிழவர் கேட்டோ வந்து ஒரு சத்தம் போட்டதும், இரை பொறுக்கும் புறாக்கள் மாதிரி கலைந்து ஓடுகிறார்கள். (எனக்கு அந்தக் காவியத்திலேயே பிடித்த இடம் இது.)

கேள்வி: அப்புறம் இசை என்னதான் ஆனது?

பதில்: எங்கேயும் போகவில்லை. 'பல்லாட்டா' ஆடிப்பாட வந்த வடிவம், நம் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும் அடிகள் அதில் உண்டு. கண் தெரியாத ஆர்கன் கலைஞர் ஃபிரான்செஸ்கோ லாந்தீனி, 1397-இல் ஃபிளாரன்சில் இறந்தவர், ஏறக்குறைய 140 பல்லாட்டாக்களுக்கு இசையமைத்திருக்கிறார். சானெட்டுக்குப் பேர்போன கவிஞர் பெட்ரார்க் வீட்டில் ஒரு லூட் (மீட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்) இருந்தது. 1370-இல் எழுதிய உயிலில் அதை நண்பர் ஒருவருக்கு விட்டுப்போகிறார், வீண் பெருமைக்கு வாசிக்காதே, கடவுளைத் துதிக்க வாசி என்ற நிபந்தனையோடு.